வரைபடத்தில் விழுந்த ஓட்டைகள்

கடையில் திரைக்குத் திரை மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

"கடைக்குள்ளயே இவ்வளவு மீன் இருக்கு. நாம எதுக்கு டீசல் போட்டுக் கடலுக்குப் போறோம்?" என்றார் மாமா.

"அது சும்மா டெமோ சார்," என்றார் கடைக்காரர். "படகே இல்லாதவங்களுக்கும் மீன் காட்டும்."

அக்கா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. அவர் பார்வை அதற்குள் பெரிய கருவியின்மேல் போய்விட்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்தவற்றிலேயே அகலமான திரை அதற்குத்தான். கரை மஞ்சளாகவும் கடல் பல நீலங்களாகவும் தெரிந்தன. நடுவில் ஒரு சின்னப் படகுக் குறி தானாகவே போய்க்கொண்டிருந்தது.

மாமா என் அக்காவின் கணவர். பெற்றோர் போன பிறகு நான் அவர்களோடுதான் இருக்கிறேன். மாமாவுக்குச் சொந்தமாக ஒரு தூண்டில் படகு உண்டு. எங்கள் பழைய துறைமுகத்தைச் சரக்குக் கப்பல்களுக்கு ஒதுக்கியபோது, மீன்பிடிப் படகுகளையெல்லாம் வெவ்வேறு துறைகளுக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு இந்த ஊர் விழுந்தது. பழைய கடலில் மாமாவுக்குக் கருவி எதுவும் தேவைப்பட்டதில்லை. எங்கே பாறை, எங்கே சேறு, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மீன் ஏறும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை மாதிரி. இங்கே வந்த பிறகு அவர் கண்ணைக் கட்டி விடப்பட்டவர்போல ஆகிவிட்டார். ஐஸ் பெட்டி பாதிகூட நிறையாமல் திரும்பி வந்தது. இந்தத் துறையில் யாரும் யாருக்கும் இடம் சொல்வதில்லை.

பருவக் காற்று திரும்புவதற்குள் மீன் கிடக்கும் இடம் ஒன்று சொந்தமாகக் கிடைக்கவில்லை என்றால் படகை விற்றுவிடுவது என்று மாமா முடிவு செய்திருந்தார். விற்றுவிட்டுச் சரக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலைக்குப் போவதாகச் சொன்னார். அதைக் கேட்டபோது அக்கா கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். மாமா கரையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அவள் கவலை புரியும். செருப்பைக் கால் மாற்றிப் போட்டவர் மாதிரிதான் நடப்பார்.

கடைசி முயற்சியாகத்தான் இந்தக் கடைக்கு வந்திருந்தோம்.

"உலகத்துல உள்ள எல்லாக் கடலும் இதுக்குள்ள ரெடியா இருக்கு சார்," என்றார் கடைக்காரர், பெரிய திரையைத் தட்டி. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆன் பண்ணா போதும்."

"இதையே போட்டுருங்க," என்றார் மாமா.

நான் அக்காவின் கையைக் கிள்ளி, காதில் சொன்னேன். எனக்குப் புது மனிதர்கள் முன்னால் பேச்சு வராது. அதனால்தான் மாமா எனக்குக் கேலியாக ஸ்பீக்கர் என்று பெயர் வைத்திருந்தார்.

"அவ கேக்கறா," என்று அக்கா கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "நம்ம கடலைப் பெருசாக்கிக் காட்டுவீங்களான்னு."

கடைக்காரர் இரண்டு விரல்களால் திரையை விரித்தார். இந்த ஊர்த் துறைமுகம் வந்தது. அலைத்தடுப்புச் சுவர் வந்தது. அதற்கு அப்பால் ஒரே நீலம். ஆங்காங்கே ஆழத்தைக் காட்டும் எண்கள். அவர் விரிக்க விரிக்க எண்கள் ஒன்றையொன்று விட்டு விலகிப்போயின. கடைசியில் திரையின் இந்த மூலையில் ஓர் எண், அந்த மூலையில் ஓர் எண். இரண்டுக்கும் நடுவில் எங்கள் பழைய ஊரையே கொண்டுவந்து வைத்துவிடலாம்.

"இதெல்லாம் யார் அளந்ததுன்னு கேக்கறா."

"எந்தக் காலத்துலயோ கப்பல்காரங்க அளந்து வச்சதும்மா. கப்பலுக்கு அது போதும்ல? தரை தட்டாம இருந்தா சரி."

கப்பலுக்குத் தரை தட்டக் கூடாது. எங்களுக்கு அந்தத் தரைதான் வேண்டும். நான் கீழ்த்தட்டில் இருந்த ஒரு கருவியைக் காட்டினேன். பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுதான் இருக்கும். டெமோகூட ஓடவில்லை.

"அதா?" கடைக்காரருக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. "அதுல ஜிபிஎஸ், ஆழம் பாக்கற எக்கோ ரெண்டும் சேர்ந்தே இருக்கு. படகு போற வழியெல்லாம் எங்க இருக்கோம், எவ்வளவு ஆழம்னு விடாம எழுதிக்கிட்டே வரும். அதை வச்சுத் தானே படம் வரையும். ஆனா முதல்ல ஒண்ணுமே இருக்காது. காலி. நீங்க போன இடம் மட்டும்தான் வரும்."

"காலியா இருக்கறதுக்கு எதுக்குக் காசு?" என்றார் மாமா.

அக்கா என்னைப் பார்த்தாள். இதற்கு நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

"மாமா, அதுல இருக்கறது வேற யாரோ பார்த்த கடல். இதுல நாம பார்க்கறது வரும்."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். "அடேங்கப்பா, ஸ்பீக்கர் வேலை செய்யுதே," என்றார். பெரிய திரையை இன்னொரு முறை ஆசையோடு பார்த்துவிட்டுச் சின்னதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "சரி. ஆனா இது காலியாவே கிடந்துச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்."

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை படகில் கருவியைப் பொருத்தினோம். இஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர் அண்ணன் படகின் அடிப்பகுதியில் சென்சாரை வைத்து இறுக்கினார். ஆண்டெனாவை, படகை ஓட்டும் வீல் ரூமின் கூரைமேல் வைத்தார். என் உள்ளங்கையைவிடச் சிறிய வெள்ளை உருண்டை அது. பட்டனை அழுத்தினேன். திரையில் வானம் ஒரு வட்டமாக வந்தது. அதில் புள்ளிகள் ஒன்றொன்றாகப் பச்சையாயின. எங்கள் தலைக்கு மேலே, நினைத்துப் பார்க்க முடியாத உயரத்தில் போய்க்கொண்டிருக்கும் துணைக்கோள்கள் அவை.

"அதெல்லாம் என்ன சொல்லுது?" என்றார் டிரைவர் அண்ணன்.

"மணி சொல்லுதுண்ணே."

"மணியா?"

"ஒவ்வொண்ணும் தன்கிட்ட இப்ப மணி என்னங்கறதைச் சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தச் சேதி நம்மகிட்ட வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்து, நாம எங்க இருக்கோம்னு இது கண்டுபிடிச்சுடும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "நானும் அப்படித்தான். எங்க இருக்கீங்கன்னு வீட்டுல கேட்டா மணியைத்தான் சொல்லுவேன்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. பிறகு திரையின் கீழ்ப்பாதியில் ஒரு கோடு ஓடத் தொடங்கியது. அடியிலிருந்து போன ஒலி தரையில் பட்டுத் திரும்பி வருகிறது. இரண்டு பாகம் என்று காட்டியது. ஆழத்தைப் படகுக்காரர்கள் பாகத்தில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்து நின்றால் வரும் நீளம் ஒரு பாகம்.

மாமா குனிந்து பார்த்தார். "இது நமக்குக் கீழ இருக்கற மண்ணா? இப்ப?"

"இப்பத்தான் மாமா."

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு தினமும் விடிவதற்கு முன்னால் மாமாவும் டிரைவர் அண்ணனும் போனார்கள். தூண்டில் போடுவதற்கு முன்பும் பின்பும் ஏர் உழுவதைப்போலக் கடலில் நேர்நேராகக் கோடு போட்டு ஓட்டச் சொல்லியிருந்தேன். நான் பகலில் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மாலையில் மாமா கொண்டுவரும் மெமரி கார்டை வாங்கி, சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப்பில் போடுவேன். கடல் ஏறி இறங்கும் அளவை ஆழத்திலிருந்து கழிப்பேன். படம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது.

எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேசையில் சாம்பார் கிண்ணமும் தண்ணீர்ச் சொம்பும் இருக்கும். அவற்றுக்கு நடுவே, இதுவரை எந்த மனிதக் கண்ணும் பார்க்காத ஒரு நிலம் தன் மேட்டையும் பள்ளத்தையும் காட்டிக்கொண்டு வெளியே வரும். அதன்மேல் வெளிச்சமே விழுந்ததில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அதன் பெயர் யாருக்கும் தெரியாது. நான் அப்பளத்தைக் கடிக்க மறந்துபோவேன்.

"கடலைப் பாக்கறியா, சாப்பிடறியா?" என்பாள் அக்கா. "ரெண்டும் ஒரே நேரத்துல இறங்காது."

ஓட்டைகளை நான் கவனித்தது அதற்குப் பிறகுதான். உழுத கோடுகள் சில இடங்களில் அறுந்திருந்தன. படகு போய்க்கொண்டிருக்கும், திடீரென்று பதிவு நின்றுவிடும். கொஞ்சத் தொலைவு தள்ளி மறுபடி தொடங்கும். முதலில் ஒன்று. பிறகு நாலைந்து. படத்தில் அவை வெள்ளையாக, எலி கடித்த துணிபோலத் தெரிந்தன.

அந்த வாரம்தான் படகுத் தரகர் துறைக்கு வந்தார். படகைச் சுற்றி வந்து, பலகையை அங்கங்கே விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மாமா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காற்று திரும்ப அதிக நாள் இல்லை.

கருவி பழுது என்றே நினைத்தேன். பெரிய திரையை வேண்டாம் என்று தடுத்தது நான். உன்னைத்தான் கேப்பேன் என்ற மாமா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு தனியாகவே கடைக்குப் போனேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். கருவியைக் கம்பியில் இணைத்து, உள்ளே இருந்த பதிவுகளைப் பார்த்தார்.

"மிஷின்ல ஒண்ணும் இல்லம்மா. கரன்ட் போய் நின்னிருந்தா வேற மாதிரி காட்டும். இது பட்டனை அழுத்தி நிறுத்தினது. ஒவ்வொரு தடவையும் யாரோ கையால அணைச்சிருக்காங்க."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன்.

"மாமா, கடல்ல மிஷினை நீங்க அணைச்சீங்களா?"

"ஆமா," என்றார் சாதாரணமாக. "பக்கத்துல படகு இருந்துச்சே."

அக்காவின் கரண்டி பாதியில் நின்றது.

"இந்தத் துறையோட வழக்கம் அது," என்றார் மாமா. "ஒருத்தன் நங்கூரம் போட்டுத் தூண்டில் விட்டுக்கிட்டு இருந்தா, அவனைத் தாண்டிப் போறவன் திரையை அணைச்சுட்டுத்தான் போகணும். விடியாத இருட்டுல வீல் ரூம் கண்ணாடி வழியா நம்ம திரை அவனுக்கு நல்லாத் தெரியும். வெளிச்சம் இருந்துச்சுன்னா, அவன் இடத்தை நாம குறிச்சுக்கறோம்னு அர்த்தம். சில பேர் துண்டைப் போட்டு மூடுவாங்க. நான் பட்டனையே அழுத்திடுவேன். நாம புதுசா வந்தவங்க. நாமதான் ஒழுங்கா இருக்கணும்."

"ஏங்க," என்றாள் அக்கா, "கடலைப் படிக்கறேன்னு போயிட்டு, முக்கியமான பக்கமெல்லாம் கண்ணை மூடிக்கிட்டா வந்தீங்க?"

"அடுத்தவன் தட்டை நான் எட்டிப் பார்க்க மாட்டேன்."

"அப்ப நம்ம தட்டு?"

மாமா எழுந்து கை கழுவப் போனார்.

அக்கா மேசையைத் துடைத்த பிறகு நான் படத்தைத் திறந்தேன். கருவி பழுதில்லை என்பதில் ஒரு நிம்மதி. ஆனால் ஓட்டை ஓட்டைதான். எந்த இடத்தை எல்லாம் விட்டிருக்கிறோம் என்று பார்க்க, வரைந்திருந்ததை மங்கலாக்கிவிட்டு வெள்ளையை மட்டும் நிறுத்தினேன்.

வெள்ளைகள் சிதறிக் கிடக்கவில்லை.

ஒன்றை அடுத்து ஒன்றாக, இந்தப் பக்கம் ஒதுங்கி, பிறகு அந்தப் பக்கம் ஒதுங்கி, கரையிலிருந்து ஆழ்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நான் மறுபடியும் ஆழத்தைக் கொண்டுவந்தேன். ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பிலும் தரை உள்நோக்கிச் சரிந்திருந்தது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே, மாமா தெரியாமல் குறுக்கே கடந்த இடங்களில், ஒரு பள்ளம் தெரிந்தது. இரண்டு பக்கமும் மேடு, நடுவே பள்ளம். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அகலம்.

அதன் மேல்முனையைக் கரைவரை நீட்டிப் பார்த்தேன். பாலத்துக்கு அடியில் போய் முடிந்தது. தினமும் வேலைக்குப் போகும்போது நான் கடக்கிற பாலம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் மாதிரி எடுத்து வருகிற, கோடையில் கணுக்கால் நனையாத அந்த ஆறு.

படித்தபோது பாடத்தில் இரண்டு வரியாக வந்த செய்தி அது. பனி மிகுந்திருந்த காலத்தில் உலகத்துத் தண்ணீரில் பெரும்பங்கு பனிக்கட்டியாக நிலத்தின்மேல் உறைந்து கிடந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஆறுகள் இன்றைய கரையைத் தாண்டி ஓடிப்போய்த்தான் கடலைச் சேர்ந்தன. தேர்வுக்காக அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது உண்மை என்று அந்த இரவில்தான் எனக்குத் தெரிந்தது. மீன் ஒதுங்கும் சரிவுகளின்மேல் நங்கூரம் போட்டு நிற்கிற படகுக்காரர்கள், தாங்கள் நிற்பது கடலின் நடுவில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஓர் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள்.

அக்காவைக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன்.

"என்னங்க!" என்று அவள் கத்தினாள். "கடலுக்குள்ள ஆறு ஓடுதாம்!"

"எந்த ஊர்ல?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாமா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் காட்டினேன். அவர் விரலால் வெள்ளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இங்க நீலப் படகுக்காரன் நிப்பான். இது கண்ணாடி போட்ட பெரியவரோட இடம். இது அண்ணன் தம்பி ரெண்டு படகு." விரல் கடைசி வெள்ளையில் நின்றது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "இதை நான் பார்த்திருக்கக் கூடாது. திரையை அணைச்சுட்டு வந்து வீட்டுல உக்காந்து குறிச்சுக்கிட்டா, அது அதைவிடக் கேவலம்."

லேப்டாப்பை மூடப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். அப்படிச் செய்வேன் என்று நானே நினைக்கவில்லை.

"மாமா, அவங்க இடத்துக்கு நாம போக வேண்டாம். கடைசிப் படகு இங்க நிக்குது. ஆனா ஆறு இங்க நிக்காது. அந்தக் காலத்துக் கடற்கரை இன்னும் ரொம்ப தூரத்துல இருக்கு. இதுக்கு அப்புறம் யாருமே போகலை. நாமளும் போகலை."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியாது."

"மீன் இருக்குமா?"

"அதுவும் தெரியாது. ஆறு இருக்கும்."

அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓட்டைக்குள்ள ஒரு தூண்டில்கூட விழாது," என்றார் மாமா.

"வேண்டாம் மாமா."

"சரி. நாளைக்கு நீயும் வா. ஆறு காணாமப் போச்சுன்னா நான் யார்கிட்ட வழி கேக்கறது?"

நான் கடலுக்குள் போனது அதுதான் முதல் தடவை. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் வயிறு தொண்டைக்கு ஏறியது. டிரைவர் அண்ணன் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். "மோந்து பாரு. தூரத்துல ஒரு இடத்தையே பாரு. என்னைப் பார்க்காத, இன்னும் மோசமாயிரும்."

வழியில் நங்கூரமிட்ட படகுகள் வந்தன. ஒவ்வொரு முறையும் மாமா கை நீட்டிப் பட்டனை அழுத்தினார். வீல் ரூம் இருண்டது. எதிரே நின்ற படகிலிருந்து யாரோ கையைத் தூக்கினார்கள். மாமாவும் தூக்கினார். அந்த இருட்டில் நாங்கள் ஆற்றின் மேலாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே மயிர்க்கூச்செறிந்தது.

கடைசிப் படகு பின்னால் மறையும்போது விடிந்துவிட்டது. மாமா திரையை மறுபடி ஆன் செய்தார்.

"இப்ப சொல்லு."

துணியின் இரண்டு விளிம்பையும் சேர்த்துத் தைப்பதுபோலக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டச் சொன்னேன். இருபத்தைந்து பாகம் என்று சமமாக ஓடிய கோடு மெல்லச் சரிந்தது. இருபத்தேழு. முப்பது. பிறகு மேலேறி மீண்டும் இருபத்தைந்து. ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போயிருந்தோம். திரும்பினோம். மறுபடி சரிவு, மறுபடி ஏற்றம். திரையில் எங்களுக்குப் பின்னால் இரண்டு கரைகளும் முளைத்துக்கொண்டே வந்தன. ஒன்றும் தெரியாத வெறும் தண்ணீர் நாலாப்பக்கமும் மின்னியது. அதற்கு அடியில் அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

"தண்ணிக்கு அடியில தண்ணி ஓடின தடம்," என்றார் டிரைவர் அண்ணன். படகின் விளிம்பில் குனிந்து கை நிறையக் கடல்நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். துப்பினார். "உப்புதான்," என்றார், ஏமாந்தவர்போல. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஆறு காணாமல் போனது.

கோடு சமமாக ஓடியது. இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு. திரும்பி வந்தோம், அதேதான். மாமா இஞ்சினைக் குறைத்தார். டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்து, "வத்திடுச்சு போல," என்றார். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தரகர் பலகையைத் தட்டியபோது நின்றாரே, அந்த மாதிரி நின்றார்.

நான் எலுமிச்சம்பழத்தை இறுக்கிக்கொண்டு திரையில் வந்த வழியைப் பார்த்தேன். ஆறுகள் இஷ்டத்துக்கு வளைவதில்லை. அகலத்துக்கு ஏற்ற வளைவு. ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். படகுகள் நின்ற வெள்ளைகளை நினைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. கடைசி வளைவு வலப்பக்கம். இங்கே சேறு படிந்து பள்ளத்தை மூடியிருக்கலாம். ஆனால் ஆறு திரும்பியிருக்கும்.

"இடது பக்கம் மாமா," என்றேன். குரல் பெரிதாகவே வந்தது. "இன்னும் கொஞ்சம் போய் இடது பக்கம்."

"எவ்வளவு தூரம்?"

"முன்னாடி வளைவுல எவ்வளவு வந்தமோ அவ்வளவு."

மாமா சக்கரத்தைத் திருப்பினார். வேறொன்றும் கேட்கவில்லை.

இருபத்தாறு. இருபத்தாறு. சூரியன் கண்ணாடியில் அடித்தது. நான் கைகளால் திரைக்கு நிழல் கட்டிக்கொண்டு பார்த்தேன். இருபத்தாறு.

பிறகு கோடு செங்குத்தாக விழுந்தது.

முப்பத்திரண்டு. முப்பத்தைந்து. விழுந்த சுவர் தடித்த கோடாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் பாறை. ஆறு திரும்பும்போது வெளிக்கரையை அறுத்துக்கொண்டு போகும். அப்படி அறுத்து விட்டுப்போன கரை அது. நாங்கள் அதை ஒட்டியே போனோம். எதிர்ப்பக்கத்தில் தரை மறுபடி பிளந்தது. இன்னொரு பள்ளம், இதைவிடக் குறுகலானது, பக்கவாட்டில் வந்து இதோடு சேர்ந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு சிற்றாறு. இரண்டும் கூடுகிற இடத்தில் நாற்பது பாகத்துக்கு ஒரு மடு.

இரண்டு ஆறுகள் சந்தித்துக்கொண்ட இடம். அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் இருந்திருந்தால்கூட அந்தப் பெயரைச் சொன்ன மொழி இப்போது இல்லை. அதற்கு மேலே கடல் வந்து மூடி, எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகப் படகுகள் தெரியாமலே கடந்து போயிருக்கின்றன. அதன்மேல் நாங்கள் மூன்று பேர் மிதந்துகொண்டிருந்தோம். கோயிலுக்குள் நுழைந்தவர்போல டிரைவர் அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மடுவின் பாறைச்சுவரை ஒட்டி, திரையில் மீனின் அடையாளமான சின்னச் சின்ன வில் வடிவங்கள் அடுக்கடுக்காக எழுந்தன.

"மாமா, அது..."

"அது எனக்குத் தெரியும்," என்றார் மாமா.

நங்கூரம் இறங்கியது. தூண்டில் கயிறு அவர் விரல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருந்தது. தரை தொட்டதும் ஒரு முழம் மேலே இழுத்துப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பழைய கடலில் அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன். கயிறு ஒரு முறை துடித்தது. மறுபடி பலமாகத் துடித்தது. அவர் மாற்றி மாற்றிக் கையால் இழுக்க, நீல ஆழத்திலிருந்து முதலில் ஒரு வெளிச்சமாகவும் பிறகு சிவப்பாகவும் மீன் ஒன்று மேலே வந்தது. என் கை நீளம் இருக்கும். டிரைவர் அண்ணன் வலைக்கரண்டியால் ஏந்தினார். அது பலகையில் விழுந்து துள்ளிய ஓசையில் நான் பின்வாங்கினேன்.

அதன் பிறகு பேச நேரமில்லை. நானும் ஒரு கயிற்றைப் பிடித்தேன். கை எரிந்தது. ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூட வேண்டி வந்தபோது, பெட்டி நிறைந்து வெகு நாளாகிவிட்டது என்று டிரைவர் அண்ணன் சொன்னார். மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"தரகர் திங்கட்கிழமை ஆள் கூட்டிட்டு வர்றேன்னாரே. என்ன சொல்லட்டும்?"

மாமா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "படகு கடலுக்குப் போயிருக்குன்னு சொல்லு."

"செவ்வாய்க்கிழமை வந்தா?"

"அன்னிக்கும் போயிருக்குன்னு சொல்லு. என்னிக்கு வந்தாலும் அதையே சொல்லு."

டிரைவர் அண்ணன் மூடியைத் தட்டித் தாளம் போட்டார். மாமா வீல் ரூமுக்குள் வந்து திரையின் முன் நின்றார். கைகளில் மீன் செதில் ஒட்டியிருந்ததால் திரையைத் தொடவில்லை. வரைந்த இடம் முடிந்து வெறுமை தொடங்கும் விளிம்பை மோவாயால் சுட்டினார்.

"இது எதுவரைக்கும் போகுது?"

"பழைய கரைவரைக்கும் மாமா. அந்தக் காலத்துல கடல் அங்கதான் தொடங்குச்சு."

"அதுவும் அங்க இருக்குமா? மணல், மேடு, எல்லாம்?"

"இருக்கலாம். யாரும் பார்த்ததில்லை."

அவர் டீசல் மானியைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். திரும்பிப் போக நேரமாகிவிட்டது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அக்கா துறையில் காத்துக்கொண்டிருப்பாள். மாமா நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். இஞ்சின் பிடித்தது.

"ஒரே ஒரு வளைவு," என்றார். "ஒரே ஒரு வளைவு பார்த்துட்டுத் திரும்பிடுவோம்."

சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினார். எந்தப் பக்கம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை.